டி-ஷர்ட் முதல் ஃபிகர் வரை: ஆசையாகச் சேர்த்ததைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி?

"கச்சேரியில் வாங்கிய டி-ஷர்ட்டின் பிரிண்ட் ஆறு முறை துவைப்பதற்குள் வெடித்துவிட்டது. பெயரும் எண்ணும் போட்ட ஜெர்சி ஒன்று, கையெழுத்து வாங்கிய ஜெர்சி ஒன்று, போஸ்டர்கள், போட்டோகார்டுகள், நான்கைந்து ஃபிகர் பொம்மைகள், கச்சேரியில் அசைக்கும் ஒரு லைட் ஸ்டிக் என்று அலமாரி நிறைந்திருக்கிறது. ஒரு ஃபிகரைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எதை எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த டி-ஷர்ட். ஆறே துவைப்பில் வெடித்திருந்தால் தவறு உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. நான் சில வருடங்கள் துணிப் பிரிண்டிங் வேலையில் இருந்தவன். அதைவிட அதிக காலமாக இந்தப் பொருட்களைச் சேர்த்தும் வருகிறேன். இத்தனை நாளில் நான் கண்டது ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டுக் கெட்ட பொருட்களைவிட, "பத்திரமாக வைக்கிறேன்" என்று ஏதோ செய்து கெட்ட பொருட்கள்தான் அதிகம். பாலித்தீன் உறையில் கட்டி வைப்பது, லேமினேஷன் போடுவது, நல்ல சூட்டில் இஸ்திரி போடுவது, அந்துருண்டை போட்டுப் பெட்டியை இறுக மூடுவது எல்லாம் அக்கறையில் செய்யப்படுபவைதான். ஆனால் பொருள் எதனால் ஆனது என்று தெரியாமல் செய்தால் அந்த அக்கறையே அதைக் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிண்ட் போட்ட துணிகள்

கடைகளில் கிடைக்கும் பிரிண்ட் டி-ஷர்ட்களில் பெரும் பங்கு ஸ்க்ரீன் பிரிண்டிங். அதில் அதிகம் பயன்படுவது பிளாஸ்டிசால் என்ற மை. பிவிசி துகள்களைப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து செய்த மை அது. சாதாரண மை போல இது காற்றில் காயாது. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு மையின் மேலிருந்து அடிவரை இறங்கினால்தான் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகும். அவசரத்தில் டிரையரை வேகமாக ஓட்டிவிட்டால் மேல் பகுதி வெந்து, அடிப்பகுதி வேகாமல் நின்றுவிடும். பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. நான்கைந்து துவைப்பில் காய்ந்த வயல் மண் மாதிரி வெடித்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பிரிண்ட் இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நன்றாக வெந்த மை துணியோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். வேகாத மை உடனே கீறல் விடும், சில சமயம் பொடியாக உதிரும். உங்களுடையது அப்படி என்றால், ஹீட் பிரஸ் வைத்திருக்கும் பிரிண்டரிடம் கொண்டு போய், மேலே டெஃப்ளான் தாள் வைத்து மறுபடி ஒருமுறை அழுத்தித் தரச் சொல்லுங்கள். விழுந்த வெடிப்பு மறையாது. ஆனால் மேலும் உதிர்வது பெரும்பாலும் நின்றுவிடும். இது பருத்தித் துணிக்கு மட்டும்தான். பாலியஸ்டர் ஜெர்சிக்கு இந்த வைத்தியம் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மற்ற பிரிண்ட் வகைகளைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். பிரிண்ட் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் தொடுகையில் வித்தியாசமே தெரியவில்லை, துணியும் பாலியஸ்டர் என்றால் அது சப்ளிமேஷன். அதில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போயிருக்கும், அதனால் வெடிக்காது, உரியாது. மேலே மெல்லிய ரப்பர் தோல் ஒட்டியது போல் இருந்து, விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டால் டிடிஎஃப் அல்லது வினைல். இவை பசையால் ஒட்டப்பட்டவை, அதனால் கெடும்போது ஓரத்திலிருந்து உரியும். துணியின் நெசவு தெரியும்படி மெல்லியதாக, புகைப்படம் போல நுணுக்கமாக இருந்தால் அநேகமாக டிடிஜி என்ற நேரடி இங்க்ஜெட் பிரிண்ட். இது வெடிப்பதைவிட துவைக்கத் துவைக்க வெளுப்பதுதான் அதிகம். ஆக, பிளாஸ்டிசாலுக்கு எதிரி சூடும் மடிப்பும். ஒட்டிய வகைகளுக்கு எதிரி பசையை இளக்கும் சூடு. டிடிஜிக்கு எதிரி உராய்வு.

துவைக்கும் முறை எல்லா வகைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். குளிர்ந்த தண்ணீர், அதிகபட்சம் 30 டிகிரி. திரவ டிடர்ஜென்ட் நல்லது, ஏனென்றால் சரியாகக் கரையாத சோப்புத் தூள் பிரிண்டின் மேல் மணல் போல உராயும். ஜீன்ஸ், ஜிப் வைத்த உடைகளோடு சேர்த்துப் போடாதீர்கள். மெஷின் என்றால் மென்மையான சுழற்சி. கையால் துவைத்தால் பிரிண்டின் மேல் பிரஷ் போடக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. புதிதாக ஒட்டிய பிரிண்ட் என்றால் முதல் துவைப்புக்கு முன் ஒரு முழு நாளாவது காத்திருங்கள். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கவே வேண்டாம், அங்கே பயன்படும் கரைப்பான்கள் பிளாஸ்டிசாலையும் பசையையும் இளக்கிவிடும்.

உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஒருமுறை ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. அதைவிட முக்கியம், எதையும் இரவு முழுக்க ஊறவைக்காமல் இருப்பது. சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எண் இருந்தால், ஊறும் நேரத்தில்தான் சாயம் எண்ணில் ஏறும். வியர்வையோடு சுருட்டிப் பைக்குள் இரண்டு நாள் போட்டு வைப்பதும் அதே அளவு கெடுதல். பாலியஸ்டரில் ஏறிய வியர்வை நாற்றம் அப்புறம் லேசில் போகாது. உடனே துவைக்க முடியாவிட்டால் வெறும் தண்ணீரில் அலசிக் காயப் போட்டுவிடுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஜெர்சிக்கு வேண்டாம். அது இழையின் மேல் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையைக் கெடுக்கும். குளோரின் பிளீச் கிட்டவே வரக் கூடாது, துணியில் உள்ள எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையை அது தின்றுவிடும்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பிரிண்ட் துணி அதிகம் கெடுவது இங்கேதான். இஸ்திரிப் பெட்டியில் உள்ள புள்ளிகளுக்கு அர்த்தம் உண்டு. ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பருத்திக்கு என்று வைக்கும் மூன்று புள்ளிச் சூடு, அந்த மை வெந்த 160 டிகிரியைத் தாண்டியது. பிரிண்டின் மேல் நேராக வைத்தால் மை உருகிப் பெட்டியோடு வந்துவிடும். உட்புறம் திருப்பி, பிரிண்ட் இல்லாத இடத்தில் மட்டும் குறைந்த சூட்டில் போடுங்கள். டிரையரில் போடாமல் நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். ஈரமான டி-ஷர்ட்டைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையில் கழுத்தும் தோளும் இழுபடும். கொடியின் மேல் பாதியாக மடித்துப் போடுவதே நல்லது, மடிப்பு பிரிண்டின் குறுக்கே விழாதபடி.

பாலியஸ்டர் ஜெர்சிக்குச் சூடு ஆகாது என்றேனே, அதன் காரணம் இதுதான். பாலியஸ்டரில் ஏறும் சாயம், போதுமான சூடு பட்டால் மறுபடி ஆவியாகிப் பக்கத்தில் இருப்பதற்குள் நுழையும். சிவப்பு ஜெர்சியின் வெள்ளை எண் ரோஜா நிறமாக மாறுவது பல சமயம் இதனால்தான். இப்படி ஏறிய சாயத்தை எந்தச் சோப்பும் எடுக்காது. ஜெர்சியில் எண்ணின் ஓரம் உரிந்தால்கூட, ஒட்டிக் கொடுத்த இடத்திலேயே கேளுங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியால் முயன்று எண்ணைச் சுருக்கிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மடித்து வைப்பதிலும் கவனம் தேவை. பிரிண்டும் பிரிண்டும் முகத்தோடு முகம் படும்படி அடுக்கினால், சூடான நாட்களில் மேலே உள்ள பாரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் படம் இன்னொன்றில் போய்விடும். நடுவில் பட்டர் பேப்பரோ மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியோ வையுங்கள். பெரிய எண் உள்ள ஜெர்சியைச் சதுரமாக மடிப்பதைவிடச் சுருட்டி வைத்தால் மடிப்புக் கோட்டில் வெடிப்பு விழாது. அகலமான ஹேங்கரில் தொங்கவிடலாம், ஆனால் பின்னல் துணியான ஸ்வெட்டர், கழுத்துத் துணி போன்றவை தொங்கினால் நீண்டுவிடும், அவற்றை மடித்தே வைக்க வேண்டும்.

வாங்கியபோது வந்த பாலித்தீன் உறையை எடுத்துவிடுங்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அந்த உறைகள் பலவற்றில் பிஎச்டி (BHT) என்ற சேர்மம் கலந்திருக்கும், பிளாஸ்டிக் சீக்கிரம் கெடாமல் இருக்க. அது மெல்ல வெளியேறித் துணியில் ஏறி, காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேரும்போது மஞ்சளாகிறது. ஒருமுறைகூட உடுத்தாத வெள்ளை டி-ஷர்ட் உறைக்குள்ளேயே பழுத்துப் போவது இதனால்தான். உறைக்குள் ஈரம் சிக்கினால் பூஞ்சையும் சேரும். சுத்தமான பருத்திப் பையோ பழைய தலையணை உறையோ போதும், துணிக்குக் காற்று வேண்டும்.

தொப்பியைப் பற்றி ஒரு வரி. முன்விளிம்பில் அட்டை வைத்துத் தைத்த பழைய தொப்பிகள் உண்டு, தண்ணீரில் முக்கினால் அட்டை கரைந்துவிடும். உள்ளே உள்ள வியர்வைப் பட்டையை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள்.

கையெழுத்து வாங்கிய ஜெர்சி

இதைத் துவைக்கவே கூடாது. மார்க்கர் மை துணியில் நிலைத்தது போலத் தெரிந்தாலும் ஒரே துவைப்பில் பரவி, ஓரங்களில் ஊதா நிழல் படியும். இனிமேல் கையெழுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் துணியை முன்பே துவைத்துக் காயவைத்துக்கொண்டு போங்கள். புதுத் துணியில் ஆலையில் போட்ட பூச்சு இருக்கும், அதன் மேல் எழுதினால் மை உள்ளே இறங்காது. எழுதும் இடத்துக்கு அடியில் ஒரு அட்டை வைத்து, துணியை இழுத்துப் பிடித்துக் கொடுங்கள்.

ஃபிரேம் போடலாம், தவறில்லை. ஆனால் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். துணியைப் பசையால் ஒட்டாமல் ஓரத்தில் நூலால் தைத்துப் பிடித்திருக்க வேண்டும். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். கண்ணாடி துணியைத் தொடாமல் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டால் இன்னும் நல்லது.

ஆனால் அந்தக் கண்ணாடியை நம்பி ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிடாதீர்கள். புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்கச் செய்யும். அருங்காட்சியகங்களில் துணி, காகிதம் போன்றவற்றின் மேல் விழும் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவிலேயே நிறுத்துவார்கள். ஜன்னலோரத்தில் பகலில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். வெளிச்சத்தால் வரும் கெடுதல் கூட்டிக்கொண்டே போவது. இருட்டில் வைத்தால் நிற்கும், ஆனால் போனது திரும்பாது. என் வீட்டில் நடைவழியின் உள்சுவர்தான் இதற்கான இடம். நேர் வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

காகிதம்: போஸ்டர், போட்டோகார்டு, டிக்கெட்

என்னிடம் இருந்த ஒரு நிகழ்ச்சியின் டிக்கெட் கதையைச் சொல்கிறேன். முதல் முறையாக எனக்குப் பிடித்த குழுவை நேரில் பார்த்த நாள் அது. அழியக் கூடாது என்று லேமினேஷன் போடக் கொடுத்தேன். இயந்திரத்தின் மறுபக்கம் வெளியே வந்தபோது டிக்கெட் முழுக்கக் கருப்பாக இருந்தது. தேதியும் இருக்கை எண்ணும் அதற்குள் மறைந்துவிட்டன. அது தெர்மல் தாள். அதில் மை என்று எதுவும் கிடையாது, தாளின் மேல் பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இன்னும் அந்தக் கருப்புத் தாளை வைத்திருக்கிறேன்.

அதனால் டிக்கெட் கையில் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள், அல்லது நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மல் தாளா என்று பார்க்க, யாருக்கும் வேண்டாத ஒரு ரசீதின் அச்சிட்ட பக்கத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பழகுங்கள். தெர்மல் பக்கம் என்றால் கரும்கோடு விழும். உங்கள் டிக்கெட்டில் அதைச் செய்ய வேண்டாம், பளபளப்பையும் வழவழப்பையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். தெர்மல் தாள் சூட்டில் கறுக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும், மெதுமெதுப்பான பிவிசி உறையில் வைத்தால் அதன் பிளாஸ்டிசைசர் பட்டு எழுத்து மறையும். இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் சாதாரணக் காகித உறையில் இருக்கட்டும்.

போஸ்டருக்கும் லேமினேஷன் வேண்டாம் என்பதே என் முடிவு. ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது, சேகரிப்பவர்கள் மத்தியில் அதன் மதிப்பும் போய்விடும். செலோ டேப் அதைவிட மோசம். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். சுவரில் ஒட்டும் களிமண் போன்ற பசையும் எண்ணெய்க் கறையை விடும். மலிவான காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் மிச்சம் இருப்பதால் அது தானாகவே பழுப்பாகும். அதை நிறுத்த முடியாது, வெளிச்சத்தையும் ஈரத்தையும் குறைத்துத் தாமதப்படுத்தலாம். சுருட்டி வைப்பதானால் அகலமான குழாய் தேவை. ஒல்லியான குழாயில் இறுகச் சுற்றியது பின்னால் விரியவே விரியாது. சுருண்டு கிடப்பதை இழுத்துப் பிரிக்காமல், இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து மேலே புத்தகங்களை அடுக்கிச் சில நாள் விடுங்கள்.

போட்டோகார்டு சேர்ப்பவர்கள் டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கடினமான டாப்லோடர் பலவும் பிவிசியால் ஆனவை. கார்டு நேரடியாக அதில் பட்டபடி வருடக் கணக்கில் இருக்கக் கூடாது. முதலில் பாலிப்ரோப்பிலீன் உறை, அப்புறம் டாப்லோடர். ஆல்பம் வாங்கும்போதும் தாளின் மேல் பாலிப்ரோப்பிலீன் அல்லது பிபி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடியோடு வழுவழுப்பாக வளையும் தாள் என்றால் பிவிசியாக இருக்கலாம், வாங்க வேண்டாம். கார்டை ஓரத்தில் பிடித்து, கை கழுவி ஈரம் உலர்ந்த பிறகு எடுங்கள்.

ரேகைகள் பதிந்த இடத்தில்தான் பிற்பாடு பூஞ்சை பிடிக்கும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் காகிதத்துக்கு நிம்மதி. 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், ராமபாணப் பூச்சியும் வரும். ஒரு சின்ன ஈரப்பதமானியும் பெட்டிக்குள் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்தால் போதும். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்குங்கள், எப்போது உலர்த்த வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

பாட்டுத் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு: வினைல் ரெக்கார்டை நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டு அடுக்கினால் வளையும். சிடியில் பாட்டு இருப்பது பளபளக்கும் பக்கம் என்று நினைத்துப் படம் போட்ட பக்கத்தை அலட்சியமாக விடுவார்கள். தகவல் தாங்கும் மெல்லிய உலோகப் படலம் படம் போட்ட பக்கத்துக்குச் சற்று அடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் விழும் கீறல்தான் தீராத கீறல். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள்.

பிசுபிசுக்கும் ஃபிகர்

உங்கள் ஃபிகர் மேல் ஒட்டும் பிசுபிசுப்பு அழுக்கு இல்லை. ஃபிகர்கள் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. வளையும்படி செய்வதற்காகக் கலந்த பிளாஸ்டிசைசர் நாளாக நாளாக மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. சூடு அதை வேகப்படுத்தும். பெட்டியைத் திறக்காமல் வைத்தால் புதுசாக இருக்கும் என்று நம்புவது இயல்பு, ஆனால் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள்தான் கசிந்தது ஆவியாகிப் போக வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது. அதன் மேல் தூசி படிந்தால் பசை போல இறுகிவிடும்.

கழுவ வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி விட்டு, மேக்கப் பிரஷ் போன்ற மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்றாக அலசி, காற்றில் உலர விடுங்கள். உள்ளே பேட்டரியோ விளக்கோ இருந்தாலும், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தண்ணீரில் முக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். சில மாதம் கழித்துப் பிசுபிசுப்பு மறுபடி வரலாம், மறுபடி கழுவுங்கள். ஸ்பிரிட்டோ நெயில் பாலிஷ் எடுக்கும் திரவமோ தொடக் கூடாது, பெயின்ட் வந்துவிடும். கழுவியதை அறையின் குளிர்ந்த பக்கத்தில், வெயில் படாமல், காற்றுப் போக இடைவெளி உள்ள அலமாரியில் வையுங்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிகர் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறதா? அதுவும் சூட்டின் வேலைதான். சாய்ந்த பகுதியைச் சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் இளகும். நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நிலைக்கும். நான் இரண்டு ஃபிகரை இப்படி மீட்டிருக்கிறேன். பாலிரெசின் சிலைகளில் மட்டும் முயலாதீர்கள், அது வளையாது, உடையும்.

பெட்டியைப் பிரிக்கும்போது ஆடைக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அடர்நிறப் பகுதியின் சாயம் வெளிர்நிறப் பகுதியில் ஏறாமல் இருக்கத்தான் தயாரித்தவர்கள் அவற்றை வைக்கிறார்கள். பெட்டிக்குள் திரும்ப வைக்கும் நாளில் அவை வேண்டும்.

பிவிசியோடு எது ஒட்டி இருக்கிறது என்பதும் முக்கியம். 1959-இல் வெளிவந்த பார்பி பொம்மைகளின் தொடக்க காலத்தவை சிலவற்றில், காதணி குத்திய இடத்தைச் சுற்றி முகம் பச்சையாகிப் போனது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காதணியின் உலோகத்தில் இருந்த செம்பு, பிவிசியிலிருந்து கசிந்ததோடு வினைபுரிந்து களிம்பு ஏறி, அந்தப் பச்சை பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது. அதே காரணத்தால்தான் பித்தளைப் பின்களை மெதுமெதுப்பான பிவிசி பையில் குத்தி வைக்க வேண்டாம் என்கிறேன். பேட்ஜ்களை வெளியே தெரியும்படி குத்தி வைக்கும் இட்டா பேக் என்ற பை வைத்திருந்தால், அதன் கண்ணாடி போன்ற ஜன்னலும் பெரும்பாலும் பிவிசிதான். வெயிலில் நின்ற நாளில் பேட்ஜின் படம் அதில் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு பாலிப்ரோப்பிலீன் தாள் செருகுங்கள்.

அக்ரிலிக் ஸ்டாண்டுகளைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைக்காதீர்கள். அதில் உள்ள ஆல்கஹாலும் அம்மோனியாவும் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும், அப்புறம் அது என்றைக்கும் மங்கல்தான். சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

அந்துருண்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துணியையும் ஃபிகரையும் ஒரே அலமாரியில் வைத்து, பூச்சி வராமல் நாலு உருண்டை போடுவது பலர் வழக்கம். நாப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பொம்மையின் அடித்தட்டில் உருண்டை பட்ட இடம் குழிந்து ஒட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்குப் பயந்தால் வேறு வழி இருக்கிறது. பஞ்சு பொம்மையை நல்ல பாலித்தீன் பையில் காற்றை எடுத்துக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டால், ஈரம் பொம்மையின் மேல் படியாமல் பையின் வெளியிலேயே படிந்து உலரும். பேட்டரி உள்ளவற்றுக்கு இந்த முறை கிடையாது.

ஒன்றை எவ்வளவு பார்த்தாலும் காக்க முடியாது, அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. பாலியூரிதேன் காற்றின் ஈரத்தாலேயே சிதையும். செயற்கைத் தோல் ஜாக்கெட் செதில் செதிலாக உதிர்வதும், பெட்டியிலேயே இருந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் கேக் மாதிரி நொறுங்குவதும் இதனால்தான். ஈரம் குறைந்த, குளிர்ந்த இடம் சில வருடங்களைக் கூட்டித் தரும், அவ்வளவே. அப்படிப்பட்டதை வாங்கினால் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியில் வைத்துக் காத்திருக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரி செய்ய முயன்றால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நீங்கள் எழுதியதை வைத்து நான் ஒரு வரிசை சொல்கிறேன்.

இன்று லைட் ஸ்டிக்கைத் திறந்து பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். காத்திருக்க முடியாத வேலை இது ஒன்றுதான். ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உள்ளே உள்ள இணைப்புகளை அரித்துவிடும். ஏற்கெனவே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில துளி தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். உங்களுடையது சார்ஜ் செய்யும் வகை என்றால் பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

நாளைக்கு டிக்கெட்டுகளை ஸ்கேன் செய்யுங்கள். கூடவே ஒவ்வொரு பொருளையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, ரசீதையும் அதனோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தாலோ விற்க நேர்ந்தாலோ இது உதவும்.

விடுமுறை நாளில் துணிகளைப் பாலித்தீனிலிருந்து எடுத்து, பிரிண்டுகளுக்கு நடுவே தாள் வைத்து அடுக்குங்கள். அந்துருண்டை இருந்தால் வெளியேற்றிவிட்டு, அலமாரிக் கதவைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் பிசுபிசுக்கும் ஃபிகரைக் கழுவிவிடலாம். போட்டோகார்டுகளுக்கான உறைகள் வந்த பிறகு அவற்றை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம், அதில் அவசரம் இல்லை.

வெடித்த டி-ஷர்ட்டை ஹீட் பிரஸ் போட்டு வாங்கியதும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். பிரிண்டிங் வேலையில் இருந்தபோது, இருபது வருடப் பழைய டி-ஷர்ட் ஒன்றை அதே படத்தைப் புதுத் துணியில் அடித்துத் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். படத்தில் முகங்கள் பாதி அழிந்திருந்தன, கழுத்து நைந்திருந்தது. அடித்துக் கொடுத்தேன். புதியதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழையதையே போட்டுக்கொண்டு போனார்.